பதினோரு விநாடி

பின்மூடியைக் கழற்ற
ஐங்கோண முனைத் திருப்புளி வேண்டும்.
கடையில் கிடைக்காது.
என்னிடம் மூன்று இருக்கின்றன.

உள்ளே அப்படியொன்றும் ரகசியமில்லை.
கொட்டை சரியும் கூம்பு,
அரைக்கும் பற்சக்கரம் இரண்டு,
தண்ணீரைத் தள்ளும் பம்பு,
பொடியை அமுக்கிப் பிழிந்து
சக்கையைப் பின்னால் தட்டிவிடும்
கைமுஷ்டி அளவு அறை.
பித்தானை அழுத்தியவர்
மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள்
கோப்பை நிறைந்துவிடும்.

கிரென்ஹென் ஊரில்
ரயில்பாதைக்கும் மலைக்கும் நடுவே
பழைய கடிகாரத் தொழிற்சாலையின் இரண்டாம் மாடியில்
இதைச் செய்தவர் எர்மெஸ் ஸனோலின்.
பதினாறு ஆண்டு அவரிடம் இருந்தேன்.
சத்தம் அளக்கும் வேலை.
பஞ்சு ஒட்டிய அறை, ஒரு மைக்,
நாள் முழுக்கக் காகிதத்தில் ஓடும் கோடு.

எல்லோரும் மௌனத்தை விற்றுக்கொண்டிருந்த காலம்.
யானிக் ஷ்டூடர் என்றொரு இளைஞன்
ரப்பர் வளையம், கம்பளித் துண்டு,
மெல்லச் சுழலும் மோட்டார் என்று
இரண்டு குளிர்காலம் முட்டிமோதி
அரவையின் இரைச்சலை
மாவில் நடக்கும் பூனையாக்கிக் கொண்டுவந்தான்.
கைதட்டினோம்.
முதலாளி இயந்திரத்தின் மேல் காதை வைத்துக் கேட்டார்.
"நல்ல வேலை" என்றார்.
"பழையதையே போடுங்கள்" என்றார்.

கஞ்சன் என்றார்கள் விற்பனைக்காரர்கள்.
காது மந்தம் என்றான் யானிக்.

எனக்கு மட்டும் ஒன்று தெரியும்.
அவர் அறையில் நின்ற நாட்களிலெல்லாம்
அரவை ஓடும் அந்தப் பதினோரு விநாடிக்குள்
கோட்டில் ஒரு சின்ன முள் எழும்.
அவருடைய இருமல்.
பதினாறு ஆண்டில் ஒருமுறைகூட
அதற்கு முன்னால் இல்லை,
பின்னால் இல்லை.

ஒரு வெள்ளி மாலை காகிதங்களை மேசையில் விரித்தேன்.
கோபிப்பார் என்றுதான் நினைத்தேன்.
விரலால் ஒவ்வொரு முள்ளாகத் தொட்டுப் பார்த்தார்.

அப்பா ஃப்ரியூலியிலிருந்து
நெடுஞ்சாலைக்குக் கான்கிரீட் ஊற்ற வந்தவர்.
ஆண்டுக்கு ஒன்பது மாத அனுமதி.
அம்மா இதே மாடியில், அந்த ஜன்னலோரம்,
கடிகாரத்துக்குத் திருகு பூட்டினாள்.
இரண்டு ஜோடிக் கைகளுக்கு முத்திரை குத்திய சட்டம்
பிள்ளைக்குக் குத்தவில்லை.
ஆறு வயதிலிருந்து ஒன்பது வரை
அவர் இந்த ஊரில் இல்லை.
அதாவது, ஒரு மூன்றாம் மாடி அறையில் இருந்தார்.
செருப்பு கூடாது.
நாற்காலியை இழுக்கக் கூடாது.
கழிப்பறைச் சங்கிலியைத் தொடக் கூடாது.
மணி அடித்தால் அலமாரிக்குள், கோட்டுகளுக்கு நடுவே.
கீழே ஃப்ராவ் கும்லி.
அவருக்குக் கூரையெல்லாம் காது.

காலை நாலரைக்கும் மாலை ஆறுக்கும்
அம்மா அடுப்பில் காப்பிச் செம்பை ஏற்றுவாள்.
அது சீறிக் கொப்பளிக்கும்போது
குனிந்து சொல்வாள்:
"இப்ப இருமிக்கோ."

நாளெல்லாம் நெஞ்சில் சேர்த்துவைத்ததை
அதற்குள் செலவழிக்க வேண்டும்.
மிச்சம் இருந்தால்
தன் பெயரை ஒருதரம் உரக்கச் சொல்லிக்கொள்வாராம்.

"அவ்வளவுதான்" என்று காகிதங்களைச் சுருட்டித் தந்தார்.
அறிக்கையில் எழுதினேன்:
ஒலி அளவு, ஏற்கத்தக்கது.

அவர் போய், ஆலை கைமாறி,
இப்போது வீடுவீடாகப் பழுது பார்க்கிறேன்.
நேற்று லெங்னாவில் ஓர் இளம்பெண்,
தோளில் நாலுமாதக் குழந்தை.
"அரைக்கும்போதெல்லாம் அலறி விழிக்கிறது,
ஏதாவது செய்ய முடியுமா?"

முடியும்.
யானிக்கின் ரப்பர் வளையங்கள்
இன்னும் என் பையில்தான் கிடக்கின்றன.
ஒரு கணம் கை நின்றது, பொய் சொல்வானேன்.
பிறகு மாட்டினேன்.
அந்தக் குழந்தைக்குப் பெயர் பதிவாகியிருக்கிறது,
அது தூங்கட்டும்.

பித்தானை அழுத்தினேன்.
மாவில் பூனை நடந்தது.
அந்த அமைதியில்
மேல்வீட்டில் யாரோ இருமுவது
தெளிவாகக் கேட்டது.
அவள் கோப்பையில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தாள்,
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.